வலக்கை இழந்த சவேரியார்

மலேசியாவின் மலாக்கா நகரில், கடலை நோக்கிய குன்றொன்றின்மேல், கூரையற்ற பழைய ஆலயமொன்று நிற்கின்றது. அதன் முன்னே பிரான்சிஸ் சவேரியாரின் வெண்ணிறச் சிலை. நாம் சிலை என்று எழுதுகிறோம். கத்தோலிக்கச் சகோதரர் சொரூபம் என்பர். அவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள தொலைவே இக்குன்றின் சரித்திரத்தில் பெரும்பகுதியாகும்.

சிலைக்கு வலக்கை இல்லை. சவேரியார் மலாக்காவில் தங்கிச் சென்றதன் நானூறாம் ஆண்டு நினைவாக 1952-இல் அது நிறுவப்பட்டது. பிரதிஷ்டையான மறுநாளே சவுக்கு மரமொன்று சாய்ந்து கையை ஒடித்தது என்பது அங்கு வழங்கும் செய்தி. சவேரியாரின் உடலிலிருந்து வலது முன்கை 1614-இல் பிரிக்கப்பட்டு ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டதை அறிந்தோர், மரம் விழுந்ததைத் தற்செயல் என ஒப்புவதில்லை. நம் வாசகருட் சிலர் புன்னகைக்கக்கூடும். புன்னகையோடு நின்றுவிடுதல் சரித்திர மாணாக்கருக்கு அழகன்று.

1521-இல் துவார்த்தே கொயலோ என்னும் போர்த்துக்கீசியர் மரியாளின் பெயரால் இங்கு ஒரு சிற்றாலயம் எழுப்பினார். 1548-இல் அது இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையருகே சான்சியன் தீவில் மரித்த சவேரியாரின் உடல், மறு ஆண்டு இவ்வாலயத்தில் அடக்கம் பண்ணப்பட்டுப் பின்னர் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1641-இல் மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதே சுவர்களுக்குள் சீர்திருத்தச் சபையின் ஆராதனையை நடத்தி, ஆலயத்துக்குப் பவுலின் பெயரை இட்டனர். 1753-இல் குன்றின் அடியில் புதிய ஆலயம் கட்டி முடித்தபின், மேலேயிருந்தது இடுகாடாயிற்று. ஆங்கிலேயரோ அதில் வெடிமருந்தைச் சேமித்தனர். இப்பாழ்நிலையில் நம் மரபினரான புரொட்டஸ்டண்டாருக்கும் பங்குண்டு என்பதை மறைத்தல் ஆகாது.

இனி அக்கையைப் பற்றி. அது உழைத்துக் களைத்தது மலாக்காவில் அன்று, நம் முத்துக்குளித்துறையில். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமாபுரித் தோழருக்கு எழுதிய நிருபத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துத் தம் கைகள் சோர்ந்துபோவதைச் சவேரியாரே குறிப்பிடுகின்றார். ஆயினும் அந்நிருபத்தில் நம் கவனத்துக்குரியது வேறொன்று. அவர் வருமுன்னரே பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடித் திரளாக ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். கிறிஸ்தவர் என்ற பெயரன்றி அவர்கள் வேறெதுவும் அறியார். எனவே இருமொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் கர்த்தருடைய ஜெபத்தையும் தமிழாக்கச் செய்து, தாம் மனனம் பண்ணி, கைமணி அடித்து ஜனங்களைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்.

அவருடைய தமிழ் குறைவுடையது. விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவாசிக்கிறேன்’ என வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்றே சிலகாலம் ஓதப்பட்டது. தவறு தெரிந்தவுடன், அதை மாற்றும்படி 1544-இல் உடனூழியரான மன்சிலாசுக்கு எழுதினார். பாதுகாப்பு ‘வேணும்’ என்று வந்த மக்களை ‘விசுவாசிக்கிறேன்’ என்று சொல்லப் பழக்கும் வேலை எத்துணைக் கடினமென்பது, சபைப் பொறுப்பில் இருப்போர்க்குத் தெரியாததன்று. அவ்வேலையைத் தொடர்ந்து, தமிழை முறையாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேற்றியவர் என்றிக் என்றிக்கசு அடிகளார்.

1658-இல் அதே டச்சுக் கம்பெனி தூத்துக்குடியையும் பிடித்தது. ஆலயங்கள் கைமாறின, குருக்கள் துரத்தப்பட்டனர், சீர்திருத்தச் சபையின் போதகர் பிரசங்கித்தனர். பரதவர் அசையவில்லை. மலாக்காவிலும் அவ்வாறே, குன்றை இழந்த கத்தோலிக்கர், டச்சு ஆட்சியின்போதே 1710-இல் பேதுருவின் பெயரால் வேறோர் ஆலயம் கட்டிக்கொண்டனர்.