தப்பும் தப்பியோடலும்: தோட்டச் சட்டம் தந்த சில ஆங்கிலச் சொற்கள்

ஒரு செயலுக்கு இடப்படும் பெயர், அதனைச் செய்தவர்மீது பாதித் தீர்ப்பையும் கூறிவிடுகிறது. ஆங்கிலத்துக் 'கிரைம்' என்னும் சொல்லுக்கு மூலமான 'கிரிமென்' என்ற இலத்தீன் சொல், செய்த குற்றத்தை மட்டுமன்றிச் சாட்டப்பட்ட பழியையும் உணர்த்தும். பழி என்றவுடன், சாட்டியவர் யார் என்ற வினாவும் எழுகின்றது அன்றோ? மலையேறி வந்த நம் முன்னோர் வரலாற்றில் அவ்வினாவுக்குத் தனியிடம் உண்டு.

1877ஆம் ஆண்டில் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ பெற்றார். பின்னர் எழுந்த தேயிலைத் தோட்டங்களுக்குப் போடி, கம்பம் வழியாகத் தமிழ்க் குடும்பங்கள் ஏறின. அன்று மூணாறும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. நெல்லியாம்பதி கொச்சியில் இருந்தது. பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபாரைச் சேர்ந்தது. ஆட்சிகள் மூன்றாயினும் ஆள் சேர்த்த முறை ஒன்றே. தோட்டத்துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி அதனை ஊரிலுள்ள குடும்பத்திடம் கொடுப்பார். மலையேறிய பின் கூலியில் அது கழிக்கப்படும். பஞ்சத்தில் பெற்ற பணம் கடனாயிற்று. கடன், மலையைவிட்டு இறங்கவொட்டாத தளையாயிற்று.

கடனைத் தீர்க்காதவர்மீது வழக்குத் தொடர்ந்து பணத்தைப் பெறுவதே பொது நியாயம். அது உரிமையியல் வழக்கு. அதில் எவரும் குற்றவாளி ஆவதில்லை. ஆனால் ஆங்கில இந்திய அரசு இயற்றிய 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் வேறு வழி வகுத்தது. முன்பணம் பெற்ற தொழிலாளி தக்க காரணமின்றி வேலை செய்ய மறுத்தால், பணத்தைத் திருப்பித் தரவோ வேலையை முடிக்கவோ நீதிபதி ஆணையிடலாம். அவ்வாணைக்குப் பணியாவிடில் மூன்று மாதம் வரை கடுங்காவல் விதிக்கலாம். ஒப்பந்த மீறலை அச்சட்டத்தின் முகவுரை 'ஃபிராடு', அதாவது வஞ்சகம், என்னும் சொல்லின் அடிப்படையில் குறித்தது. கூலியைக் கொடாத முதலாளிக்கு அச்சட்டத்தில் சிறை இல்லை. வாக்குத் தவறியவர் இருவராயினும் வஞ்சகர் ஒருவரே!

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், முதலாளியின் செலவில் தொலைவிடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட பணியாளர் வேலையைவிட்டு நீங்குவதை 492ஆம் பிரிவில் குற்றமாக்கியது. முதலாளி கொடுமை செய்திருந்தாலோ தம் கடமையைச் செய்யாதிருந்தாலோ விலக்கு உண்டு என்பதையும் கூறுதல் நேர்மை. எனினும் அங்கு ஆளப்பட்ட 'டெசர்ட்' என்பது, படையைவிட்டு ஓடும் வீரனுக்கும் வழங்கும் சொல். கொழுந்து பறித்தவரும் காடு வெட்டியவரும் எந்தப் படையில் சேர்ந்தனர்?

இங்கே நம் மொழி ஓர் உண்மையை உணர்த்துகிறது. தமிழில் 'தப்பு' என்பது பிழையையும் குறிக்கும். இடரினின்று நீங்குதலையும் குறிக்கும். துரையின் கணக்கேட்டில் தப்பியவர் தப்புச் செய்தவர். அவர் குடும்பத்தார்க்கோ, பிழைத்து வந்தவர். 'பிழை' என்ற சொல்லும் இவ்வாறே குற்றத்தையும் உயிர்வாழ்தலையும் ஒருங்கே சுமந்து நிற்றல் காண்க.

1925ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம், 1859ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 492ஆம் பிரிவையும் நீக்கியது. நேற்றுக் குற்றமாயிருந்தது குற்றமன்றாயிற்று. மனிதர் மாறவில்லை, சொல்லே மாறியது. விடுதலைக்குப் பின் 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமோ, குடிநீர், மருத்துவம், வீடு ஆகியவற்றை அளித்தல் முதலாளியின் கடமை என வகுத்து, மீறினால் தண்டனையும் விதித்தது. மீறியவர் என்னும் பெயர் துரையின் பக்கமும் திரும்பியது.

இன்று நம் பிள்ளைகள் ஆங்கிலத்தை நன்கு கற்கின்றனர், அது வேண்டுவதே. பழைய ஆவணம் ஒன்றில் தம் பாட்டனார் 'ஓடிப்போனவர்' என்றோ 'ஒப்பந்தம் மீறியவர்' என்றோ எழுதப்பட்டிருக்கக் கண்டால் அவர்கள் நாண வேண்டுவதில்லை. எச்சட்டத்தின்படி, எவர் கையால், எவ்வளவு முன்பணத்திற்காக அச்சொல் எழுதப்பட்டது என்று அவர்கள் வினவட்டும். அகராதி சொல்லின் பொருளைத் தரும். அதன் நீதியை வரலாற்றிலேதான் நாம் தேட வேண்டும்.