மஞ்சட்புள்ளிச் சிதைவு

எழுத்தைப் படிக்கவும் முகத்தை இனங்காணவும் ஊசியில் நூல் கோக்கவும் துணைசெய்கின்ற மஞ்சட்புள்ளி, அதாவது விழித்திரையின் மத்தியிலுள்ள மாகுலா என்னும் சிறு பிரதேசம், விருத்தாப்பியத்தில் படிப்படியாகச் சிதைவுறும் வியாதி இது. ஓரப்பார்வை கெடுவதில்லையாதலால், மரக்காணத்து உப்பளங்களில் வெயிலும் உப்பின் வெண்மையும் சேர்ந்து வீசும் கூச்சத்திலே ஆயுளைக் கழித்த முதியவர் ஒருவர், இந்நோய் முற்றிய பின்னும் பாத்திகளுக்கிடையே தடுமாறாமல் நடந்துவிடுவார். எதிரே வந்து நிற்கும் பேரனின் முகந்தான் அவருக்குப் புலப்படாது. ‘வயசாயிடுச்சு, புரை விழுந்திருக்கும்’ என்று வீட்டார் சொல்லிவிட, நோய் கவனிப்பாரின்றி வளர்கிறது.

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆப்தால்மாஸ்கோப்பை உலகுக்கு அறிவிக்கும்வரை, உயிருள்ள மனிதரின் விழித்திரையை வைத்தியர்கள் தெளிவாகக் கண்டதில்லை. 1819இல் சென்னையில் தோன்றி இன்று எழும்பூரில் விளங்கும் கண் மருத்துவமனையும் தன் முதல் முப்பது ஆண்டுகளை அக்கருவியின்றியே கழித்தது. அதன்பின் கண்டுபிடிப்புகள் விரைந்து வந்தன. விழித்திரைக்கு அடியில் தேங்கும் மஞ்சள் நிறப் படிவுகளாகிய டிரூசனை 1855இல் டோண்டர்ஸ் விவரித்தார். முதியோரின் இரு கண்களிலும் ஒத்துத் தோன்றும் இந்நோயை 1874இல் லண்டனில் ஹட்சின்சனும் டேயும் பதிவுசெய்தனர். 1961இல் நொவோட்னி, ஆல்விஸ் என்னும் இருவர், ஃபுளோரசின் சாயத்தை இரத்தத்தில் செலுத்தி விழித்திரை நாளங்களைப் படமெடுக்கும் முறையைக் கண்டனர். 1991இல் வெளியான ஓசிடி, ஒளியைக்கொண்டே விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டி, கத்தி படாமல் உள்ளடுக்குகளைப் பார்க்கும் பாக்கியத்தைத் தந்தது.

படத்தில் காணும் லக்ஷணங்களே நோயின் கதியைச் சொல்வன. 63 மைக்ரானுக்குக் குறைந்த டிரூசன் முதுமையின் இயல்பு. 125 மைக்ரானை எட்டியவை அபாயக் குறி. இரு கண்களிலும் பெரிய டிரூசனும் நிறமிக் குலைவும் சேர்ந்திருப்போருள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்தாண்டுக்குள் முற்றிய நிலையை அடைகின்றனர். இரண்டும் இல்லாதோரிடம் அவ்வபாயம் நூற்றுக்கு அரைதான். முற்றிய நிலை இருவகைத்து. உலர்வகையில் விழித்திரையின் திட்டுகள் தேய்ந்து மறைய, ஈரவகையில் அடியிலிருந்து புதிய நாளங்கள் முளைத்து நீரும் இரத்தமும் கசிந்து, சில வாரங்களிலேயே பார்வையைப் பறித்துவிடும். ஓசிடியில் இக்கசிவு கருநிற இடைவெளியாய்த் தெரியும். கசிவுள்ள கண்ணுக்கு நேரான உப்பள வரப்பு வளைந்து நெளிந்து தோன்றும். ஆயினும் ஒரு கண்ணின் குறையை மற்றொன்று மூடிமறைப்பதால், ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே பொத்திப் பார்த்தாலொழிய அது வெளிப்படாது.

ஒளிக்கும் இந்நோய்க்கும் உள்ள சம்பந்தம் நெடிய விவாதத்துக்குரியது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 838 நீர்த்தொழிலாளரை ஆராய்ந்தோர், முற்றிய நோயுடையவர்கள் முந்தைய இருபதாண்டுகளில் நீல ஒளியை மிகுதியாக ஏற்றிருந்ததாக 1992இல் எழுதினர். மற்ற ஆய்வுகள் ஒருமுகமாக அதை ஆதரிக்கவில்லை. புகைபிடித்தல் விஷயத்தில் ஐயமில்லை. மரக்காணத்துக்குத் தெற்கே அணித்தாயுள்ள புதுச்சேரியையும் வட இந்தியாவில் ஒரு மையத்தையும் கொண்டு நடந்து, 2010இல் வெளிவந்த இண்ட்ஐ ஆய்வு, அறுபது வயது கடந்தோரில் முற்றிய சிதைவு ஏறக்குறைய 1.2 விழுக்காடு எனக் கண்டது. மேல்நாட்டாருக்கே உரிய வியாதி என்ற பழைய எண்ணத்துக்கு இது போதிய மறுப்பு. ஈரவகைக்குக் கண்ணுக்குள் செலுத்தும் ஊசிமருந்து 2005, 2006 முதல் பயனுக்கு வந்துள்ளது. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால், அளத்து வேலையின் ஒருநாள் கூலியை ஒவ்வொரு முறையும் இழந்தே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதியவரை ஒருவர் அழைத்துச் செல்லவேண்டும்.