மோட்டார் வண்டிக்குள் குளிர் வந்த கதை



மலாயாவில் ஒரு காலத்தில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் நாட்டுத் தட்பவெப்பத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. மோரிஸ் மைனர், ஆஸ்டின், ஹில்மன் என்று தோட்டத் துரைமார்களும் பட்டணத்து வாடகைக் கார்க்காரர்களும் ஓட்டிய வண்டிகள் அவை. பனிக்காலத்தில் எஞ்சின் விறைத்துப் போகக் கூடாது, ஓட்டுபவருக்குக் கால் குளிரக் கூடாது என்பதே அவற்றைச் செய்தவர்களின் கவலை. ஆகவே காருக்குள் சூடு தரும் கருவியைப் பற்றி யோசித்தார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு 33 பாகை செல்சியஸ் வெயில் கொளுத்தும் பாடாங் செராய் சாலையை அவர்கள் கண்டார்களா என்ன?

நம் பக்கத்துக் கார்க்காரர்களிடையே நெடுநாளாக இருந்துவரும் ஒரு கேள்வி உண்டு. "ஏர்கோனைப் போட்டால் எஞ்சின் ஏன் சூடாகிறது? குளிரைத் தரும் கருவி எஞ்சினையும் சேர்த்தல்லவா குளிர வைக்க வேண்டும்?" கேட்பதற்கு நியாயமான கேள்விதான். இதற்கு விடை சொல்லக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

பெட்ரோல் எரிந்து உண்டாகும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. இன்னொரு பங்கு எஞ்சினைச் சுற்றியுள்ள தண்ணீரில் சூடாக இறங்குகிறது. எஞ்சிய பங்குதான், அதுவும் நல்ல எஞ்சினாக இருந்தால், வண்டியை இழுக்கிறது. கார்ல் பென்ஸ் செய்த முதல் வண்டியில் இந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும். தீரத் தீர ஊற்ற வேண்டும். 1888ஆம் ஆண்டில் அவருடைய மனைவி பெர்த்தா, பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைம் வரை அந்த வண்டியில் பயணம் போனபோது, வழியெல்லாம் தண்ணீர் தேடிக்கொண்டே போனார். பிறகு வில்ஹெல்ம் மேபாக் என்ற பொறியாளர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். 1901இல் வெளிவந்த மெர்சிடிஸ் காரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழாய்கள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றினூடே காற்று புகுந்து சுற்றியுள்ள தண்ணீரை ஆற்றியது. கார்களின் முகப்பில் நாம் பார்க்கும் ரேடியேட்டருக்கு மூதாதை அதுவே. வண்டியின் முன்பக்கம், எதிர்காற்று நேராக வந்து மோதும் இடம், அன்றிலிருந்து அதற்கே உரியதாயிற்று.

அந்த இடத்துக்குப் பங்காளி பிற்பாடு வந்தான்.

1939ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் குளிர்சாதனம் பொருத்திய காரைக் காட்சிக்கு வைத்தது. குளிரூட்டும் பகுதி பின்னால், சாமான் வைக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. கூடுதல் விலை 274 டாலர். அந்தக் காலத்தில் அது சின்னத் தொகையன்று. குளிரை நிறுத்த வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, கம்ப்ரஸரின் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்! வாங்க ஆளில்லாமல் சில ஆண்டுகளிலேயே கைவிட்டுவிட்டார்கள். 1954இல் நாஷ் நிறுவனம் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. குளிர்ப்பெட்டி செய்யும் கெல்வினேட்டரும் நாஷும் ஒரே நிறுவனமாக இருந்தது அதற்குக் கைகொடுத்தது. கருவிகள் எல்லாம் முன்பக்கத்துக்கு வந்தன. மின்காந்தப் பிடிப்பு ஒன்று கம்ப்ரஸரை வேண்டும்போது சேர்த்து, வேண்டாதபோது விட்டது. இந்த அமைப்புதான் உலகெங்கும் பரவியது. நம் கேள்வியின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது.

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்டும் இடம் கண்டென்சர் என்ற சல்லடைத் தட்டு. அது ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. ஆகவே ரேடியேட்டருக்கு வரும் காற்று ஏற்கனவே கண்டென்சரின் சூட்டை வாங்கிக்கொண்டே வருகிறது. வெயிலில் 33 பாகையாக இருந்த காற்று, அங்கே போய்ச் சேரும்போது பத்துப் பாகைக்கும் மேல் ஏறியிருக்கலாம். வெந்நீரை வெந்நீரால் ஆற்றுவதுபோல்தான்! இதோடு, கம்ப்ரஸரைச் சுழற்றச் சில குதிரைத் திறன் எஞ்சினிடமிருந்தே போகிறது. அந்த உழைப்புக்கும் பெட்ரோல் எரிய வேண்டும். அதன் சூடும் தண்ணீரில் இறங்க வேண்டும்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தால் எதிர்காற்று இதையெல்லாம் சமாளித்துவிடும். நின்றால்தான் தொல்லை. பழைய வண்டிகளில் காற்றாடி எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடினால் காற்றாடியும் மெதுவாகவே சுழலும். காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது சோம்பிக் கிடக்கும்.

நம் நாட்டில் இந்தத் தொல்லை பெரிதானதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1967இல் ஷா ஆலாமில் வோல்வோ கார்களைப் பூட்டும் ஆலை தொடங்கிய பிறகு, கார்கள் உள்நாட்டிலேயே பூட்டப்படலாயின. இருந்தாலும் எத்தனையோ வண்டிகளுக்குக் குளிர்சாதனம் பின்னால் பட்டறையில்தான் ஏறியது. ஓட்டுபவரின் முழங்காலருகே ஒரு பெட்டி, முன்னால் ஒரு கண்டென்சர். ஆனால் ரேடியேட்டரும் காற்றாடியும் பழையவையே. குளிர்நாட்டு அளவுக்குச் செய்த ரேடியேட்டரின் தலையில் வெப்பநாட்டுச் சுமையை ஏற்றினால் அது என்ன செய்யும்? பினாங்குப் பாலம் 1985 செப்டம்பரில் திறக்கப்படும் வரை, காரோடு தீவுக்குப் போக பட்டர்வொர்த் படகுத்துறையில்தான் வரிசை பிடிக்க வேண்டும். அங்குலம் அங்குலமாக நகரும் அந்த வரிசை இப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஒரு சோதனைக்களம். பாலிங், கிரிக் வழியாகக் கிளந்தானுக்குப் போக 1982இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையின் ஏற்றங்கள் இன்னொன்று. அங்கே வண்டி மெல்ல ஏறும், எஞ்சின் முழு மூச்சாக உழைக்கும், காற்றோ குறைவு.

1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகா போன்ற, எஞ்சினைக் குறுக்கே வைத்த கார்களில், காற்றாடிக்குத் தனி மின்மோட்டார் வந்தது. குளிர்சாதனத்தைப் போட்டவுடன், வண்டி நின்றாலும் அது வேகமாகச் சுழலும். இப்போது பாடாங் செராய்க்குப் பக்கத்திலேயே, பாடாங் மேஹாவில், இனோக்கோம் ஆலையில் கார்கள் பூட்டப்படுகின்றன. இக்காலத்து வண்டி ஒவ்வொன்றும் குளிர்சாதனத்தின் சுமையையும் கணக்கிட்டே செய்யப்படுகிறது. "ஏர்கோன் போட்டால் சூடாவது இயற்கைதானே" என்று சொல்லிக்கொண்டு ஓட்டுவது பழைய காலத்துப் பேச்சு. இன்றைய காரில் முள் மேலே ஏறினால், எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது என்று பொருள்.

எந்தக் கோளாறு என்பதை ஓரளவு நாமே ஊகிக்கலாம். நிற்கும்போது சூடேறி, ஓடும்போது இறங்கினால் காற்றாடியைப் பாருங்கள். தோட்டத்துச் செம்மண் புழுதியும் லாலான் பூவின் பஞ்சும் கண்டென்சர் இடுக்குகளை அடைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். வேகமாக ஓடும்போதும் சூடேறினால் தண்ணீர் குறைந்திருக்கலாம், அல்லது ரேடியேட்டரின் உட்புறம் துருவும் உப்பும் படிந்து அடைபட்டிருக்கலாம். கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி அடைத்துக்கொண்ட ரேடியேட்டர்கள் எத்தனையோ! அலட்சியமாக ஓட்டினால் எஞ்சினின் தலைப்பகுதி வளைந்துவிடும். அதைச் சரிசெய்யும் செலவு ஒரு தொழிலாளியின் பல வாரச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

முள் ஏறுவதைக் கண்டால் முதலில் குளிர்சாதனத்தை நிறுத்துங்கள். சூடு தரும் கருவி உள்ள கார் என்றால் அதை முழுதாகத் திறந்துவிடுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் அது இன்னொரு சின்ன ரேடியேட்டராக வேலை செய்து எஞ்சினுக்கு உதவும். குளிர்நாட்டாரின் காலுக்கென்று வந்த கருவி நமக்குப் பயன்படுவது இந்த ஒரு சமயத்தில்தான். நம் நாட்டில் விற்கப்படும் சில கார்களில் அது வைக்கப்படுவதே இல்லை. அப்படியானால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த கணத்தில் அது ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆற விட்டு, கனத்த துணியைப் போட்டு, மெல்லத் திருப்ப வேண்டும்.