மூன்று லேபிள்களுக்கு ஓர் உரை

ஏர்சாஃப்ட் ஜப்பானில் பிறந்த விளையாட்டு. 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் பொம்மைத் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு இரண்டு அணிகள் மோதும். 1991-இல் டோக்கியோ மருயி நிறுவனம் ஃபாமாஸ் என்ற பிரெஞ்சுத் துப்பாக்கியின் உருவில் மின்மோட்டாரால் இயங்கும் ஒன்றைக் கொண்டுவந்தது. அன்று முதல் இந்த விளையாட்டின் உயிர் பேட்டரியில் இருக்கிறது. ஆனாலும் புதிதாக வருகிறவர் தம் யோசனை முழுவதையும் துப்பாக்கியிலேயே செலவழித்துவிடுகிறார். பேட்டரி, சார்ஜர், குண்டு மூன்றும் ‘அதையும் ஒன்று போடுங்கள்’ என்று கடைசி நேரத்தில் பையில் விழுகின்றன.

அந்த மூன்றின் மேலும் லேபிள் ஒட்டியிருக்கிறது. சூத்திரம் போலச் சுருங்கிய வாசகம். ஓர் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பொருள் சொன்னால் தவறிவிடும். பக்கத்து எண்ணோடு கூட்டிப் படிக்க வேண்டும். தொடக்கக்காரர் கைக்கு வழக்கமாக வந்துசேரும் வகையிலிருந்து மூன்று வாசகங்களை எடுத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பார்க்கிறேன்.

மூலம் 1, பேட்டரி:
லிபோ – 7.4 வோல்ட் – 1300 எம்ஏஎச் – 20சி – 9.62 வாட் மணி

‘லிபோ’ என்றது லித்தியம் பாலிமரை. கெட்டியான உலோகக் கூடு இல்லாமல் மெல்லிய உறைக்குள் அடைத்த செல்கள். எடை குறைவு, வேகமாக மின்சாரம் தரும். ஆனால் குத்துப்பட்டாலோ அளவுக்கு மீறி ஏற்றினாலோ தீப்பற்றும். இதற்கு மாற்று நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. கனமானது, சற்று மந்தமானது, பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். பதினாறு வயதுப் பையன் தானே சார்ஜ் போட்டு எடுத்துக்கொள்ளும் வீடாக இருந்தால் நிக்கலையே வாங்கச் சொல்வேன். பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு லிபோ.

‘7.4’ என்பது இரண்டு செல்லின் கூட்டு. ஒரு லிபோ செல்லுக்குப் பெயரளவு 3.7 வோல்ட், முழுக்க ஏறினால் 4.2. ஆகவே 7.4 என்று எழுதிய பேட்டரி முழுதாக ஏறியபின் 8.4 காட்டும். இங்கேதான் முதல் குழப்பம். நிக்கல் பேட்டரியின் லேபிளிலும் 8.4 இருக்கும், அது 1.2 வோல்ட் செல்கள் ஏழின் பெயரளவு. ஒன்று பெயரளவு, மற்றது உச்சம் என்பதை அறியாதவர் ‘7.4 குறைவாயிற்றே’ என்று மூன்று செல் லிபோவான 11.1-க்குத் தாவுகிறார். அது முழுதாக ஏறினால் 12.6. ஆனால் விசையை இழுத்து மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சும் நேரத்தில் நிக்கலின் மின்னழுத்தம் சரியும். நல்ல லிபோ அவ்வளவு சரியாது. ஆகவே களத்தில் 7.4 லிபோ அந்த நிக்கலுக்கு இளைத்ததல்ல.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வோல்ட் கூடினால் குண்டு வேகமாகப் போகும் என்று நினைக்கிறார்கள். போகாது. குண்டைத் தள்ளுவது சுருள்வில் அழுத்திய காற்று. மோட்டாரின் வேலை, பற்சக்கரங்களைச் சுழற்றிப் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து அந்த வில்லை அமுக்குவது மட்டுமே. வோல்ட் கூடினால் ஒரு நொடியில் எத்தனை முறை இழுக்கிறது என்பதுதான் கூடும். மிகவும் கூடினால், முன்னே பாய்ந்த பிஸ்டன் தன் இடத்துக்குப் போய்ச் சேருமுன்பே அடுத்த பல் அதைக் கவ்வும். பிஸ்டனின் பற்கள் உதிரும். விசைக்குள் இருக்கும் செம்புத் தகடுகளில் பொறி பறந்து கரி படியும். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் துப்பாக்கிக்கு 11.1 வேண்டாம், அதன் கையேடே அனுமதித்தால் ஒழிய.

‘1300 எம்ஏஎச்’ கொள்ளளவு. ஒரு மில்லி ஆம்பியர் மணிக்கு ஒரு குண்டு என்பது களத்தில் புழங்கும் தோராயக் கணக்கு. இந்த எண்ணைத் தீர்மானிப்பது ஆசையைவிட இடம்தான்: துப்பாக்கியின் பின்கட்டைக்குள்ளோ முன்கைப்பிடிக்குள்ளோ எத்தனை மில்லிமீட்டர் நீளம், அகலம் இருக்கிறது என்று அளந்துவிட்டுக் கடைக்குப் போகவும். திணித்து மூடினால் உறை நசுங்கும், கம்பி அறுபடும்.

‘20சி’ தனியாக நின்றால் ஒன்றும் சொல்லாது. அது ஒரு பெருக்கல் எண். 1300 எம்ஏஎச் என்பது 1.3 ஆம்பியர் மணி, 1.3-ஐ 20-ஆல் பெருக்கினால் 26 ஆம்பியர். இடைவிடாமல் அவ்வளவு தரலாம் என்பது பொருள். சாதாரணத் துப்பாக்கிக்கு அது தாராளம். மலிவான பேட்டரிகளில் இந்த எண்ணை ஏற்றி எழுதுகிறார்கள். சிறிய பேட்டரியில் மிகப் பெரிய சி-யைக் கண்டால் நம்ப வேண்டாம்.

‘9.62 வாட் மணி’ 7.4-ஐ 1.3-ஆல் பெருக்கி வந்தது. விமானத்தில் போகும்போது உதவும்: 100-க்குள் இருந்தால் கைப்பையில் கொண்டுபோகலாம், தனி பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

மூலம் 2, சார்ஜர்:
100–240 வோல்ட் – 2எஸ், 3எஸ் பேலன்ஸ் – 1 ஆம்பியர் – ஆளில்லாமல் விடாதீர்

மூன்றில் முக்கியமானது இதுதான். துப்பாக்கியில் கொஞ்சம் குறைத்தாவது இதற்குப் பணம் வைக்க வேண்டும்.

‘2எஸ்’ என்றால் தொடராக இரண்டு செல், அதாவது நமது 7.4. ‘பேலன்ஸ்’ என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. லிபோவிலிருந்து தடித்த இரண்டு கம்பிகள் தவிர, மெல்லிய மூன்று கம்பிகளோடு ஒரு சிறு வெள்ளைச் செருகியும் வரும். அதன் வழியாகச் சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளக்கிறது. அது இல்லாமல் மொத்தத்தை மட்டும் பார்த்தால், 8.4 என்ற கூட்டுத்தொகைக்குள் ஒரு செல் 4.0-விலும் இன்னொன்று 4.4-விலும் இருக்கக்கூடும். கூட்டல் சரி, ஆனால் இரண்டாவது செல் எல்லையைத் தாண்டிவிட்டது.

நிக்கல் பேட்டரியின் சார்ஜரில் லிபோவைச் செருகுவது இந்த விளையாட்டிலேயே செய்யக்கூடாத முதல் காரியம். நிக்கல் நிரம்பியதும் அதன் அழுத்தம் ஒரு கணம் லேசாக இறங்கும். அதற்கான நல்ல சார்ஜர் அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்துகிறது. மலிவானவை பலவற்றுக்கு நிறுத்தவே தெரியாது. லிபோவில் அந்த இறக்கம் வராது. சார்ஜர் அதை எதிர்பார்த்து ஏற்றிக்கொண்டே இருக்கும்.

‘1 ஆம்பியர்’ என்பதை 1300-உடன் கூட்டிப் படிக்க வேண்டும். லிபோவை அதன் கொள்ளளவுக்கு ஒரு மடங்கு வேகத்துக்குள் ஏற்றுவது பாதுகாப்பான பழக்கம்; நமக்கு அது 1.3 ஆம்பியர். ஆக இந்தச் சார்ஜர் பொருந்துகிறது, காலிப் பேட்டரி நிரம்ப ஒன்றரை மணி நேரம் போல ஆகும். நாளைக்கு 600 எம்ஏஎச் சிறு பேட்டரி வாங்கினால் இதே 1 ஆம்பியர் அதற்கு அதிகம். அளவை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள சார்ஜர் நல்லது. அதில் பெரும்பாலும் ‘ஸ்டோரேஜ்’ என்றொரு பொத்தானும் இருக்கும், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்திவைக்கும். நான் முதலில் வாங்கிய லிபோவை முழுக்க ஏற்றி மூன்று மாதம் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தேன். எடுத்தபோது தலையணை போல உப்பியிருந்தது. உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ மறுபடி ஏற்றவோ கூடாது. பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். கீழெல்லையும் உண்டு. செல் 3.0 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெடும். துப்பாக்கி சுடும் வேகம் தளர்கிறது என்று காது சொன்னதும் கழற்றிவிடவும்.

‘ஆளில்லாமல் விடாதீர்’ என்ற வரியைச் சம்பிரதாய எச்சரிக்கையாக யாரும் தள்ளிவிட வேண்டாம். மெத்தையிலோ சோபாவிலோ வைக்காமல் ஓடு பதித்த தரையில், தீத்தாங்கும் பையில் வைத்து, விழித்திருக்கும் நேரத்தில், அதே அறையில் இருந்துகொண்டு ஏற்ற வேண்டும்.

மூலம் 3, குண்டுப் பை:
6 மிமீ – 0.25 கிராம் – பயோ – 4000 – மறுபடி பயன்படுத்தாதீர்

‘6 மிமீ’ பெயர்தான். நல்ல குண்டின் உண்மை விட்டம் 5.95. அதைக் குழலின் உள்விட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: சாதாரணக் குழல் 6.05-ஐ ஒட்டியிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி. ஒட்டுத் தழும்போடு வரும் மட்டமான குண்டு அதற்குள் சிக்கினால் உள்ளே உடையும். 4.5 மிமீ எஃகுக் குண்டு வேறு வகைத் துப்பாக்கிக்கு உரியது, ஆளை நோக்கிச் சுடும் இந்த விளையாட்டில் அதற்கு இடமே இல்லை.

‘0.25 கிராம்’ எடை மட்டும்தானே என்று தோன்றும். ஆனால் சட்டம் எல்லை வைப்பது குண்டின் ஆற்றலுக்கு, அதில் எடையும் சேரும். ஜப்பானியச் சட்டம் 2006-இல் திருத்தப்பட்டபோது வைத்த எல்லை, 6 மிமீ குண்டுக்கு 0.98 ஜூல். பிரிட்டனில் தொடர்ந்து சுடும் துப்பாக்கிக்கு 1.3 ஜூல். ஜூல் என்பது எடையும் வேகமும் சேர்ந்தது. 0.98 ஜூலுக்கு 0.20 கிராம் குண்டு நொடிக்கு 99 மீட்டர் போகும், 0.25 குண்டு 88 மீட்டர் சொச்சம். ஆகவே ‘என் துப்பாக்கி நொடிக்கு 99 மீட்டர்’ என்று ஒருவர் சொன்னால், எந்த எடைக் குண்டில் என்று கேட்க வேண்டும். அந்த வேகம் 0.25-இல் வந்திருந்தால் அது 1.2 ஜூலைத் தாண்டுகிறது, ஜப்பானில் குற்றம். எல்லைக்குள் இருந்தாலும் கண்ணில் பட்டால் பார்வை போகும். வீட்டு முற்றத்தில் சோதித்துப் பார்க்கும் ஒரு குண்டுக்குக்கூடக் கண்காப்பு அணிய வேண்டும்.

வேகம் குறைந்த 0.25-ஐ ஏன் வாங்க வேண்டும்? குழலின் தொடக்கத்தில் மேற்புறமாக ஒரு ரப்பர் மேடு குண்டை உரசிப் பின்னோக்கிச் சுழலவிடுகிறது. அந்தச் சுழற்சியைக் காற்று தாங்கிப் பிடிப்பதால்தான் குண்டு தூரம் போகிறது. இலேசான குண்டு அந்தத் தாங்கலில் மேலெழும்பும், பக்கக் காற்றுக்கு ஒதுங்கும். கனமானது பாதை மாறாது. வேக அளவைப் பார்க்க 0.20 ஒரு சிறு பை, விளையாட 0.25: இதுவே என் சிபாரிசு. 0.12 சிறுவர் பொம்மைகளுக்கானது.

‘பயோ’ என்றது மக்கும் பிளாஸ்டிக். காடுகளிலும் தோப்புகளிலும் விளையாடுவோர் இதையே வாங்க வேண்டும். பல களங்கள் கட்டாயமாகவே கேட்கின்றன. ஈரம் பட்டால் கெடும் என்பதால் பிரித்த பையை இறுக மூடி வைக்கவும்.

‘4000’ பையின் எடையைச் சொல்லாமல் சொல்கிறது: நாலாயிரத்தை 0.25-ஆல் பெருக்கினால் ஒரு கிலோ. ஒரே விலையில் 0.20 பையில் 5000 இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், அதுவும் ஒரு கிலோதான்.

‘மறுபடி பயன்படுத்தாதீர்’. தரையில் கிடப்பவை பளபளவென்று புதியவை போலவே இருக்கும். ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் போதும், குழலைக் கீறிவிட்டு அந்த ரப்பர் மேட்டையும் கிழிக்க.