புதுக்கோட்டை மாவட்டத்தில் பள்ளி நூலகங்கள்

பள்ளி நூலகம் என்பது ஒரு பள்ளியின் மாணவர்களும் ஆசிரியர்களும் பயன்படுத்துவதற்காக அப்பள்ளியிலேயே அமைக்கப்படும் நூலகம் ஆகும். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம் 1990களின் தொடக்கத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தால் இந்திய அளவில் அறியப்பட்டது. இயக்கமாக நின்று எழுத்தறிவு பெற்ற ஒரு மாவட்டத்தில், அவ்வெழுத்தறிவு அடுத்த தலைமுறையிடம் வாசிப்புப் பழக்கமாக நிலைபெறுவதில் பள்ளி நூலகங்களுக்கு இன்றியமையாத பங்கு உண்டு. வீட்டில் பாடநூல் அல்லாத வேறு நூல் இல்லாத குழந்தைக்குப் பள்ளி நூலகமே முதல் நூலகமும், பல வேளைகளில் ஒரே நூலகமும் ஆகும்.

மாவட்டப் பின்னணி

புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களால் ஆளப்பட்ட சமத்தானம் ஆகும். 1948ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இது இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டு, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. பின்னர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1974 சனவரி 14 அன்று தனி மாவட்டமாக உருவாக்கப்பட்டது. ஏரி, கண்மாய்ப் பாசனத்தையும் மழையையும் நம்பிய வேளாண்மை, கல் உடைப்பு, கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் மீன்பிடிப்பு ஆகியவை இங்குள்ள மக்களின் முதன்மையான தொழில்களுள் அடங்கும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 77 விழுக்காடு. பெண்களிடையே இது ஏறத்தாழ 69 விழுக்காடு. எனவே பெற்றோர் இருவருமோ ஒருவரோ எழுதப் படிக்க அறியாத குடும்பங்களிலிருந்து பள்ளிக்கு வந்த மாணவர்கள் கணிசமானோர் ஆவர்.

சிறுவர் இலக்கியத்தில் இம்மாவட்டத்திற்குத் தனி இடம் உண்டு. குழந்தைக் கவிஞர் எனப் போற்றப்படும் அழ. வள்ளியப்பா (1922-1989) திருமயம் வட்டத்தைச் சேர்ந்த இராயவரத்தில் பிறந்தவர். இவர் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றவர். கோகுலம் என்னும் சிறுவர் இதழின் ஆசிரியராகவும் விளங்கினார். நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதுக்கோட்டை நகரிலிருந்தும் சிறுவர் இதழ்கள் வெளிவந்தன.

அறிவொளி இயக்கமும் அதன் படிப்பினையும்

இந்திய அரசு 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாட்டிலும் மாவட்டந்தோறும் அறிவொளி இயக்கம் நடத்தப்பட்டது. புதுக்கோட்டையில் அன்றைய மாவட்ட ஆட்சியர் சீலா ராணி சுங்கத் அவர்களின் முன்முயற்சியுடன், தன்னார்வலர்கள் பலர் ஊர்தோறும் மாலை நேர வகுப்புகளை நடத்தினர். பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொள்வதும் இவ்வியக்கத்தின் பகுதியாக இருந்தது. 1992ஆம் ஆண்டு அனைத்துலகப் பெண்கள் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் அணிவகுத்தனர். இதழாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் இந்தி வடிவம், நடுவண் பாடத்திட்டத்தின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இடம்பெற்றது.

கற்ற எழுத்தைத் தொடர்ந்து பயன்படுத்தாவிடில் அது மறந்துபோகும் என்பது எழுத்தறிவு இயக்கங்கள் அனைத்தும் எதிர்கொண்ட சிக்கல் ஆகும். புதிதாக எழுத்தறிவு பெற்றவருக்கு எளிய சொற்களும் பெரிய எழுத்துகளும் கொண்ட நூல்கள் கைக்கெட்டும் தொலைவில் வேண்டும் என்பதனால், இயக்கத்தின் அடுத்த கட்டமாகத் தொடர்கல்வி வகுக்கப்பட்டது. பெரியவர்களுக்குப் பொருந்தும் இவ்வுண்மை குழந்தைகளுக்கும் பொருந்தும். முதலிரண்டு வகுப்புகளில் எழுத்தறிந்த குழந்தை, படிப்பதற்கு வேறொன்றும் இன்றி விடப்பட்டால், மேல் வகுப்புகளில் பாடநூலைப் படிக்க இயலாமல் திணறும்.

எழுத்தறிவும் வாசிப்புத் திறனும்

எழுத்துகளை அடையாளம் காண்பதும், பொருள் உணர்ந்து சரளமாக வாசிப்பதும் வெவ்வேறு நிலைகள் ஆகும். தமிழ் மொழியைப் பொறுத்தவரை இவ்விரண்டிற்கும் இடையே கடக்கவேண்டிய படிகள் பின்வருமாறு:

1. எழுத்துகளின் தொகை: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. உயிர்மெய்க் குறியீடுகள் எழுத்தின் முன்னும் பின்னும் மேலும் கீழும் அமைவதால், அவற்றை எண்ணிப் பார்க்காமல் பார்த்தவுடன் ஒலிக்கும் பழக்கம் மிகுந்த பயிற்சியாலேயே வரும்.
2. சொற்களின் நீளம்: தமிழ் ஒட்டுநிலை மொழி. "பள்ளிக்கூடத்திலிருந்துதான்" என்பது எழுத்தில் ஒரே சொல். குழந்தை இறுதி எழுத்தை அடைவதற்குள் முதல் எழுத்தை மறந்துவிடுவதுண்டு.
3. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும்: வீட்டில் "வந்துக்கிட்டு இருக்காங்க" என்று கேட்ட குழந்தை, நூலில் "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று காண்கிறது. உரையாடல் மிகுந்த கதைநூல்கள் இவ்விரு வழக்குகளுக்கும் இடையே பாலமாக அமைகின்றன.

இம்மூன்று படிகளையும் கடக்க, குழந்தை தன் நிலைக்கு ஏற்ற எளிய பனுவல்களைப் பெருமளவில் வாசிக்க வேண்டும். பாடநூலின் பக்கங்கள் இதற்குப் போதா. பாடநூல் தேர்வுக்கு உரியது என்பதால், அதை விருப்பத்துடன் மீண்டும் மீண்டும் வாசிப்போரும் குறைவு. அமெரிக்க மொழியியலாளர் சுடீபன் கிராசன் 1993இல் வெளியான தம் நூலில், மாணவர் தாமே தெரிவு செய்து விரும்பி வாசிக்கும் வாசிப்பே சொல்வளத்தையும் எழுதும் திறனையும் வளர்க்கிறது என்னும் கருத்தை வலியுறுத்தினார். அத்தகைய தெரிவுக்கு இடமளிப்பது நூலகமே.

ஊரகப் பள்ளிக் குழந்தைகளின் கற்றல் நிலையை அளவிடும் ஏசர் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பு மாணவருள் இரண்டாம் வகுப்பு நிலைப் பனுவலை வாசிக்க முடிந்தோர் 2018இல் 10.2 விழுக்காடாகவும், பெருந்தொற்றுக் கால இடைவெளிக்குப் பின் 2022இல் 4.8 விழுக்காடாகவும் இருந்தனர். பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் வாசிப்பே முதலில் பாதிக்கப்பட்டது என்பதை இது காட்டுகிறது.

செயற்படும் முறை

வாசிப்பை வளர்க்கும் பள்ளி நூலகங்களில் பின்வரும் நடைமுறைகளைக் காணலாம்.

நூலகப் பாடவேளை: வாரத்தில் ஒரு பாடவேளையேனும் நூலகத்திற்கென ஒதுக்கப்படுகிறது. தேர்வுக் காலங்களில் இவ்வேளை கணக்கு, அறிவியல் பாடங்களுக்கு மாற்றப்படாமல் இருப்பது முக்கியம்.

திறந்த அடுக்குகள்: நூல்கள் பூட்டிய பேழைக்குள் அல்லாமல், குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அடுக்கப்படுகின்றன. தொடக்க வகுப்புகளில் வகுப்பறையின் குறுக்கே கட்டிய கயிற்றில் நூல்களை விரித்துத் தொங்கவிடுவதும் உண்டு. அட்டையின் படத்தைக் கண்டே குழந்தை நூலைத் தெரிவு செய்கிறது.

வீட்டிற்கு வழங்குதல்: மாணவர் ஒருவரே வழங்கல் பதிவேட்டை எழுதும் பொறுப்பை ஏற்கிறார். வீட்டிற்குச் செல்லும் நூலைத் தம்பி, தங்கையரும் பார்க்கின்றனர். எழுத்தறியாத பெற்றோருக்குக் குழந்தை வாசித்துக் காட்டும் வாய்ப்பும் ஏற்படுகிறது.

உரக்க வாசித்தல்: ஆசிரியர் நாள்தோறும் சில நிமிடங்கள் ஒரு கதையை வாசித்துக்காட்டி, சுவையான இடத்தில் நிறுத்துகிறார். மீதியை அறிய விரும்பும் மாணவர் நூலைத் தேடிச் செல்கின்றனர்.

வாசித்ததைப் பகிர்தல்: காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நூல் அறிமுகம் செய்தல், கதையை நடித்துக் காட்டுதல், சுவரிதழ் எழுதுதல் ஆகியவை இதில் அடங்கும்.

நூல்களின் எண்ணிக்கையை விட அவை கைமாறும் வேகமே பயனை முடிவு செய்கிறது. எடுத்துக்காட்டாக, 40 மாணவர் பயிலும் ஒரு தொடக்கப்பள்ளியில் 100 நூல்களே இருப்பதாகக் கொள்வோம். வாரத்திற்கு ஒருவருக்கு ஒரு நூல் என 30 வாரங்கள் வழங்கினால், ஓராண்டில் 1,200 முறை நூல்கள் வாசிப்புக்குச் செல்லும். ஆயிரம் நூல்கள் இருந்தும் பேழை பூட்டியிருந்தால் இவ்வெண்ணிக்கை சுழியம் ஆகும்.

சட்டமும் அரசுத் திட்டங்களும்

நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழி சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள், நூல்கள் காப்பதற்காக அல்ல, பயன்படுத்துவதற்காகவே என்னும் அடிப்படையில் அமைந்தவை. அவ்வாண்டே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டியில் நூல்களை ஊர்களுக்குக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், மாவட்ட நூலக ஆணைக்குழுக்களும் நூலக வரியும் ஏற்பட வழிவகுத்தது. எனினும் இச்சட்டம் பொது நூலகங்களுக்கு உரியது. பள்ளி நூலகங்கள் கல்வித் துறையின் பொறுப்பிலேயே நீடித்தன.

ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952-53), பெரும்பாலான பள்ளிகளில் நூலகம் எனத் தக்கது இல்லை என்றும், பழைய நூல்கள் பொருத்தமற்ற அறைகளில் வைக்கப்பட்டு, ஆர்வமும் பயிற்சியும் இல்லாதவர் பொறுப்பில் விடப்பட்டுள்ளன என்றும் சுட்டிக்காட்டியது. 2010 ஏப்பிரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைநூல்கள் உள்ளிட்ட நூல்களுடன் நூலகம் இருக்கவேண்டும் என விதித்தது. 2018இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டிற்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் வகுக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் "புத்தகப் பூங்கொத்து" என்னும் பெயரில் தொடக்கப்பள்ளிகளுக்குச் சிறுவர் நூல்கள் வழங்கப்பட்டன. 2021இல் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை வேளையில் குடியிருப்புகளிலேயே கற்பித்தனர். இம்முறை அறிவொளிக் கால வகுப்புகளை நினைவூட்டுவதாக அமைந்தது. 2023இல் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. இதன் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாக வகுக்கப்பட்டன. வயதையோ வகுப்பையோ கொண்டு அல்லாமல், வாசிக்கும் திறனைக் கொண்டு நூலைத் தெரிவு செய்ய இப்பகுப்பு உதவுகிறது.

சிக்கல்கள்

பள்ளி நூலகங்கள் பயனற்றுப் போவதற்குப் பின்வரும் காரணங்கள் பொதுவாகக் காணப்படுகின்றன.

* நூலகர் இன்மை: பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் தனி நூலகர் இல்லை. ஏதேனும் ஒரு பாட ஆசிரியர் நூலகத்தைக் கூடுதல் பொறுப்பாகக் கவனிக்கிறார்.
* தணிக்கை அச்சம்: இருப்புப் பதிவேட்டில் உள்ள நூல் காணாமற் போனால் பொறுப்பாசிரியர் ஈடுசெய்ய நேரலாம். எனவே நூலை வழங்காதிருப்பதே பாதுகாப்பானது என்னும் மனநிலை உருவாகிறது. வாசித்துக் கிழிந்த நூலை இழப்பாகக் கருதாமல் பயன்பாட்டின் அடையாளமாகக் கருதி நீக்கும் எளிய விதி இவ்வச்சத்தைப் போக்கும்.
* பொருத்தமற்ற நூல்கள்: தொடக்க வகுப்புகளுக்குச் சிறிய எழுத்தில் அச்சிட்ட கனமான நூல்கள் வந்து சேர்வதுண்டு.
* இடமின்மை: தனி அறை இல்லாத ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் வகுப்பறையின் ஒரு மூலையே நூலகமாகிறது. நூல்கள் கைக்கெட்டுமாயின் இது குறையன்று.

பிற நூலகங்களுடன் தொடர்பு

புதுக்கோட்டை நகரில் மாவட்ட மைய நூலகமும், ஊர்களில் கிளை, ஊர்ப்புற நூலகங்களும் உள்ளன. 2006 முதல் 2011 வரை நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. அவற்றுள் பல பின்னர் முறையாகப் பேணப்படவில்லை. புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில், கல்விப் பணியில் இருந்த பா. கிருட்டிணமூர்த்தி, டோரதி இணையர் தம் சொந்த முயற்சியால் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம், அரிய தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளுக்குப் பெயர் பெற்றது. 2016இல் தொடங்கிப் பல ஆண்டுகளில் புதுக்கோட்டையில் புத்தகத் திருவிழா நடைபெற்றுள்ளது.

பள்ளியில் தொடங்கிய வாசிப்பு, ஊர்ப்புற நூலகத்தில் உறுப்பினராவதன் மூலம் விடுமுறைக் காலத்திலும் பள்ளிப் படிப்பு முடிந்த பின்னரும் தொடர்கிறது. மிதிவண்டியில் செல்லக் கற்ற தாயின் மகள், அதே வண்டியில் நூலகத்திற்குச் சென்று திரும்புவதே அறிவொளி இயக்கம் நிலைபெற்றதற்கான அளவுகோல் எனலாம்.

இவற்றையும் பார்க்க

* அறிவொளி இயக்கம்
* அழ. வள்ளியப்பா
* சீ. இரா. அரங்கநாதன்
* ஞானாலயா ஆய்வு நூலகம்
* புதுக்கோட்டை மாவட்டம்