ஒரே பேரு, வேற வேற இனிஷியல்: பாலைவன டீயின் கதை

போன மாசம் திருத்தணி போயிருந்தேன். உள்ளே நுழைஞ்சதுமே மாமா ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். அமெரிக்காவில் யூட்டா பக்கம் வேலை பார்க்கிற பையன் லீவுக்கு வந்தப்ப கொண்டு வந்தானாம். பாலைவனத்துல தானா வளர்ற மூலிகை டீ. "இத குடிச்சா காப்பியே வேணாமாம்டா. கிருத்திகைக்கு ஒரு டம்ளர் போட்டுட்டு 365 படியும் ஏறிடலாம்னு பாக்கறேன்" என்றார். மாமாவுக்கு வயசு 68. பத்து வருஷமா பி.பி. மாத்திரை.

பாக்கெட்டைத் திருப்பினேன். 'எஃபெட்ரா' என்று இருந்தது. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. "மாமா, ரெண்டு நாள் பொறுங்க"ன்னு சொல்லிட்டு வந்து தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

எஃபெட்ரா பார்க்க நம்ம சவுக்குக் குச்சி மாதிரி இருக்கும். இலைன்னு சொல்லிக்கிற மாதிரி எதுவும் கிடையாது. பச்சையா, கணுக்கணுவா தண்டுதான். அமெரிக்காவில் இதுக்கு 'மார்மன் டீ'ன்னு பேரு. 1833-ல் மார்மன் மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித், சூடான பானம் கூடாதுன்னு ஒரு போதனை சொன்னார். அது டீயும் காப்பியும்தான்னு பின்னால் பொருள் கொண்டார்கள். 1847-ல் அவர்கள் யூட்டா பாலைவனத்துக்குக் குடிபோனபோது, அங்கிருந்த பழங்குடிகள் ஏற்கெனவே இந்தத் தண்டைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். டீ இல்லாத ஊருக்கு அதுவே டீ ஆச்சு :-)

இதே குடும்பத்துச் செடி சீனாவில் 'மா ஹுவாங்'. இழுப்புக்கும் சளிக்கும் பல நூற்றாண்டுகளாகக் கொடுத்து வந்த மருந்து. ஜப்பானியர் நாகாய் நாகயோஷி 1885-ல் அதிலிருந்து எஃபெட்ரின் என்ற பொருளைத் தனியாகப் பிரித்தார். ஆனா உலகம் திரும்பிப் பார்த்தது 1924-ல்தான். பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் சென் என்ற இளைஞர், கார்ல் ஷ்மிட்டோடு சேர்ந்து அதன் வேலையை விளக்கி எழுதினார். சென்னுக்கு இந்த மூலிகையைக் காட்டிக்கொடுத்தது அவரோட மாமா. (எல்லா ஊர்லயும் மாமாக்கள் இப்படித்தான் போல!)

அப்படி என்ன வேலை? நமக்கு பயம் வந்தா உடம்பு அட்ரினலினைச் சுரக்கும் இல்லையா, எஃபெட்ரின் அதுக்குக் கிட்டத்தட்ட தம்பி. அட்ரினலினை வாய்வழியா கொடுத்தா குடலும் கல்லீரலும் சிதைச்சிடும். வளையத்தில் இருக்கும் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் எஃபெட்ரினுக்குக் கிடையாது. அதனால் அது தப்பிச்சு ரத்தத்தில் சேர்ந்து, மூளை வரைக்கும் போகும். நரம்பு முனைகளில் சேமிச்சு வெச்ச நார்அட்ரினலினையும் வெளியே தள்ளும். மூச்சுக்குழாய் விரியும், தூக்கம் போகும். கூடவே ரத்தக்குழாய் சுருங்கும், இதயம் படபடக்கும், பி.பி. ஏறும். இதுக்கு மாற்று தேடும்போதுதான் 1920-களின் கடைசியில் கார்டன் ஆலஸ் ஆம்ஃபெட்டமைனிடம் போய் நின்றார்.

நம்ம நாட்டிலும் எஃபெட்ரா உண்டு. இமயமலையின் வறண்ட பக்கங்களில் ஒரு வகை, ராஜஸ்தான் பாலைவனத்தில் வேறு வகை. கல்கத்தா வெப்பமண்டல நோய் மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ரா இந்தியச் செடிகளை ஆராய்ந்தார். அளவு வகைக்கு வகை, இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும்.

இங்கதான் மேட்டர். திருத்தணி கடைத்தெருவில் "தணிகாசலம்"னு ஒரு குரல் கொடுங்க, நாலு பேர் திரும்புவாங்க. இனிஷியல் சொன்னாத்தான் ஆள் தெரியும். எஃபெட்ராவும் அப்படியே. 'சினிகா' என்றால் சீனத்து ஆள், எஃபெட்ரின் நிறைய. 'நெவடென்சிஸ்', 'விரிடிஸ்' என்றால் மார்மன் டீ. அதில் எஃபெட்ரின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, டானின் துவர்ப்புதான் அதிகம். மார்மன்களுக்கு அதில் கிடைத்த தெம்பு பெரும்பாலும் வெந்நீரோட தெம்பு.

இந்த இனிஷியலைப் பார்க்காமல் 'மூலிகைதானே, என்ன பண்ணிடும்'னு நினைத்ததுக்கு விலை உண்டு. 1990-களில் அமெரிக்காவில் மா ஹுவாங் சாறை மாத்திரையாக்கி, இளைக்க, தெம்பு வர என்று விற்றார்கள். 2003 பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற பேஸ்பால் வீரர் பயிற்சியின்போது வெப்பத்தாக்கில் சுருண்டு விழுந்து, மறுநாள் இறந்தார். வயசு 23. எஃபெட்ரா மாத்திரையும் அதில் ஒரு காரணம் என்றது மருத்துவ அறிக்கை. 2004-ல் எஃபெட்ரின் வகைப் பொருள்கள் உள்ள சத்து மாத்திரைகளுக்கு அமெரிக்க அரசு தடை போட்டது.

மாமா பாக்கெட்டுக்கு வருவோம். பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்ததில் பொடி எழுத்தில் 'நெவடென்சிஸ்'. அப்பாடா! அப்பவும் விடலை, அவரோட டாக்டரிடம் பாக்கெட்டைக் காட்டச் சொன்னேன். அவர் "அரை டம்ளர் ருசி பாருங்க, பழக்கமாக்காதீங்க" என்றாராம். மாமா போனில் சொன்னது: "வெத்தலை இல்லாம வெறும் பாக்கை மென்ன மாதிரி இருக்குடா. இதுக்கா ஏழு கடல் தாண்டணும்?"

கிருத்திகைக்குப் படி ஏறினார். குடிச்சிட்டுப் போனது அத்தை போட்ட சுக்குக் காப்பி. அதிலும் காப்பி கிடையாது. இஞ்சி காயும்போது உருவாகும் ஷோகால்தான் அந்தக் காரமும் சூடும். மார்மன் டீ மாதிரியே அதுவும் பேருக்குத்தான் காப்பி. என்ன, மாமாவுக்கு அம்பது வருஷமா பழகின ஆள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பாக்கெட் இருந்தா, முதல்ல இனிஷியலைப் பாருங்க, அப்புறம் டாக்டரைப் பாருங்க.