வெற்றி மேடையில் தாழ்ந்த தலைகள்

“விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது” என்ற கூற்று இன்று ஒரு மூதுரையின் மதிப்பைப் பெற்றுவிட்டது. ஆசிரியர் அறைகளிலும் பத்திரிகைப் பத்திகளிலும் அதனை மறுப்பாரின்றிக் கேட்கிறோம். மேலெழுந்தவாரியாகப் பார்க்கும்பொழுது அது நியாயமானதாகவே தோன்றும். ஓடுபவன் ஓடட்டும், பந்தாடுபவன் ஆடட்டும், நாட்டு நடப்பை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அதன் சாரம். ஆனால் இக்கூற்று எப்பொழுது, யாரால், யாரை நோக்கிச் சொல்லப்பட்டு வந்துள்ளது என்று வரலாற்றிலே தேடிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். கொடி ஏறும்போதும் கீதம் இசைக்கப்படும்போதும் இதனை எவரும் சொல்வதில்லை. கீதம் ஒலிக்கையில் ஒரு வீரன் தலையைத் தாழ்த்திக்கொண்டால் மாத்திரமே சொல்கிறார்கள்.

ஓடி வென்றவர் ஒரு மனிதர். அவர் வென்றதும் உயர்வது ஓர் அரசின் கொடி. ஒலிப்பது ஓர் அரசின் கீதம். இதைவிட வெளிப்படையான அரசியல் வேறென்ன இருக்க முடியும்? கொடியையும் கீதத்தையும் பரிசளிப்பிலிருந்து நீக்கிவிடலாம் என்ற யோசனை சர்வதேச ஒலிம்பிக் குழுவினுள்ளேயே எழுந்ததுண்டு. அது நிறைவேறவில்லை. ஆகவே, அரசியல் மேடையில் ஏற்கெனவே இருக்கிறது. வீரர் அதனை அங்கே புதிதாகக் கொண்டுவருவதில்லை; அங்கிருக்கும் அரசியலுக்குத் தம் மறுமொழியைச் சொல்கிறார்.

முதலில் 1936ஆம் ஆண்டின் பேர்லின் ஒலிம்பிக் போட்டியை நோக்குவோம். ஓகஸ்ட் 9ஆம் நாள் மரதன் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் சோன் கீ சுங் என்ற கொரிய இளைஞர். கொரியா 1910ஆம் ஆண்டு முதல் யப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. எனவே அவர் மார்பிலே யப்பானின் கொடியை அணிந்து ஓட நேர்ந்தது. பெயரைக்கூட யப்பானியர் வாசித்தபடியே பதிந்தார்கள். மேடையில் யப்பானிய கீதம் ஒலித்தபோது அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பரிசாகக் கிடைத்த ஓக் மரக்கன்றை மார்போடு அணைத்து அக்கொடியை மறைத்தார். மூன்றாவதாக வந்த மற்றொரு கொரியரும் தலைகுனிந்தே நின்றார். கொரியாவில் ‘டொங்-ஆ இல்போ’ என்ற நாளிதழ் அப்புகைப்படத்தை வெளியிட்டபோது மார்பிலிருந்த யப்பானியக் கொடியை அழித்துவிட்டு வெளியிட்டது. குடியேற்ற ஆட்சி அவ்விதழைத் தடைசெய்தது, பத்திரிகையாளரைக் கைதுசெய்தது. ஒரு குனிந்த தலையின் பொருளை ஆண்டவர்களும் ஆளப்பட்டவர்களும் ஒருங்கே விளங்கிக்கொண்டனர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதே பேர்லினில், அதே மேடைகளில், ஜேர்மனிய வீரர்கள் ஹிட்லருக்குரிய வணக்கமாகக் கையை நீட்டி உயர்த்தினார்கள். அதனை எவரும் அரசியற் கலப்பு எனக் கண்டிக்கவில்லை. அது ஒரு நாட்டின் வணக்கமுறை என்று ஏற்றுக்கொண்டார்கள். யூதர்களை ஒடுக்கும் நாட்டில் இப்போட்டியை நடத்தலாகாது என்ற இயக்கம் அமெரிக்காவில் வலுப்பெற்றபோது, விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று வாதாடி அதனை எதிர்த்தவர் அமெரிக்க ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக இருந்த ஏவரி பிரண்டேஜ். பேர்லின் போட்டியை எதிர்த்த ஏர்னெஸ்ட் லீ யான்கே என்ற அமெரிக்கர் சர்வதேசக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அவரது இடம் பிரண்டேஜுக்குக் கிடைத்தது. இப்பெயரை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் இவரை மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

1967இல் ஹரி எட்வேட்ஸ் என்ற கறுப்பினச் சமூகவியல் ஆசிரியர் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் மனித உரிமைக்கான ஒலிம்பிக் இயக்கத்தைத் தொடங்கினார். அவ்வியக்கத்தின் கோரிக்கைகள் தெளிவானவை. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தமையாற் பறிக்கப்பட்ட முகம்மது அலியின் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கறுப்பினப் பயிற்றுநர்களை நியமிக்க வேண்டும். நிறவெறி ஆட்சி நடத்தும் தென்னாபிரிக்காவையும் ரொடீசியாவையும் போட்டிகளிலிருந்து விலக்க வேண்டும். 1952 முதல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக விளங்கிய பிரண்டேஜ் பதவி விலக வேண்டும்.

தென்னாபிரிக்கா பற்றிய கோரிக்கை நம் நாட்டினருக்கும் பாடமாக அமைந்த ஒன்று. 1982ஆம் ஆண்டில் இலங்கைக் கிறிக்கெற் வீரர் குழுவொன்று, உலகம் விலக்கி வைத்திருந்த அந்நாட்டுக்குப் பணத்துக்காகச் சென்று ஆடியது. அவ்வீரர்களுக்கு நம் கிறிக்கெற் சபை 25 ஆண்டுத் தடை விதித்தது. தடை பின்னர் நீக்கப்பட்டது. ஆயினும், “ஆடத்தானே போனோம்” என்று எவரும் ஒதுங்கிக்கொள்ள முடியாத ஆடுகளங்களும் உலகில் உண்டு என்பதை அந்நிகழ்ச்சி காட்டிச் சென்றது.

1968 ஏப்ரில் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒக்டோபர் 2ஆம் நாள், போட்டி தொடங்குவதற்குப் பத்து நாட்களே இருக்கையில், மெக்சிக்கோ நகரின் திலத்தெலொல்கோ சதுக்கத்திலே கூடிய மாணவர்கள்மீது அரசுப் படைகள் துப்பாக்கிப் பிரயோகம் செய்து பலரைக் கொன்றன. அதன் பின்னரும் போட்டி குறித்த நாளில் தொடங்கியது. மாணவர் குருதி காயுமுன் விழா நடத்துவது அரசியலாகக் கருதப்படவில்லை.

ஒக்டோபர் 16ஆம் நாள் 200 மீற்றர் இறுதி ஓட்டம் நடைபெற்றது. தொமி சிமித் 19.83 செக்கனில் ஓடி உலக சாதனையோடு முதலிடம் பெற்றார். அவுஸ்திரேலிய வெள்ளையரான பீற்றர் நோர்மன் இரண்டாமிடம். யோன் கார்லோஸ் மூன்றாமிடம். கறுப்பின மக்களின் வறுமையைக் காட்டுதற்காகச் சிமித்தும் கார்லோசும் காலணியின்றிக் கறுப்புக் காலுறையுடன் மேடையேறினர். கார்லோஸ் தம் கையுறைகளைக் கொண்டுவர மறந்துவிட்டார். ஒரு சோடியை இருவரும் பகிர்ந்து அணியலாமே என்று சொன்னவர் நோர்மன். இதனாலேயே ஒருவர் வலக்கையையும் மற்றவர் இடக்கையையும் உயர்த்தினர். அமெரிக்க கீதம் முடியும்வரை இருவரும் தலைகுனிந்து, கறுப்புக் கையுறையணிந்த முட்டியை உயர்த்தி நின்றார்கள். நோர்மன் கையை உயர்த்தவில்லை. ஆயினும் அவர் மார்பிலும் அவ்வியக்கத்தின் சின்னம் இருந்தது.

பேர்லினில் நீட்டிய கைகளைப் பொறுத்த பிரண்டேஜ் இந்த முட்டிகளைப் பொறுக்கவில்லை. இருவரையும் வெளியேற்றாவிடின் அமெரிக்க அணி முழுவதையுமே விலக்க நேரிடும் என்ற மிரட்டல் எழுந்தது. அவர்கள் அணியிலிருந்து நீக்கப்பட்டு ஒலிம்பிக் கிராமத்திலிருந்து அனுப்பப்பட்டனர். பலர் நினைப்பதுபோலப் பதக்கங்கள் பறிக்கப்படவில்லை. ஆனால் பதக்கம் சோறு போடாது. நாடு திரும்பியவர்களுக்குக் கொலை மிரட்டலும் வேலையின்மையுமே காத்திருந்தன. நோர்மன் 1972 ஒலிம்பிக்குக்கு அனுப்பப்படவில்லை. அவர் அன்று ஓடிய 20.06 செக்கன், 2024 டிசெம்பர் வரை ஐம்பத்தாறு ஆண்டுகள் அவுஸ்திரேலிய சாதனையாக நிலைத்தது. 2006இல் அவர் இறந்தபோது பேழையைத் தோளிற் சுமந்தவர்களுள் சிமித்தும் கார்லோசும் இருந்தனர். 2012இல் அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கோரிற்று. கேட்க அவர் இல்லை.

இவ்வளவையும் முற்போக்கு அணியினர் எளிதில் ஒப்புவர். முட்டி உயர்த்திய அப்படம் நம் இளைஞர் பலருடைய அறைச் சுவர்களிலே தொங்குவது. ஆனால் அதே மெக்சிக்கோவில், சில நாட்களின் பின்னர், இன்னொரு தலையும் திரும்பியது. அதனை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

வேரா சாஸ்லாவ்ஸ்கா செக்கோசிலவாக்கியாவின் உடற்பயிற்சி வீராங்கனை. 1968இன் சீர்திருத்த இயக்கத்தை ஆதரித்த ‘இரண்டாயிரம் சொற்கள்’ என்ற அறிக்கையிற் கையொப்பமிட்டவர். ஓகஸ்ட் மாதத்தில் சோவியத் தலைமையிலான படைகளின் தாங்கிகள் பிராக் நகரில் நுழைந்தபோது அவர் மலைப் பகுதியொன்றில் ஒளிந்திருந்தார். உருளைக்கிழங்குச் சாக்குகளைத் தூக்கியும் மரக்கிளைகளிலே தொங்கியும் பயிற்சி செய்தார். மெக்சிக்கோவில் நான்கு பொற்பதக்கங்களை வென்றார். சோவியத் வீராங்கனைக்கு முதலிடம் கிடைத்த ஒரு போட்டியிலும், முதலிடம் பகிரப்பட்ட மற்றொரு போட்டியிலும் சோவியத் கீதம் ஒலித்தபோது, அவர் முகத்தை வலப்புறம் திருப்பித் தலையைத் தாழ்த்திக்கொண்டார். ஊர் திரும்பியபின் பல்லாண்டுகள் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. 1989இன் மாற்றத்தின் பின்னரே அவர் பொதுவாழ்விற்கு மீண்டார்.

நமக்கு ஏற்படும் சோதனை இங்கேதான். சிமித்தையும் கார்லோசையும் புகழ்ந்துவிட்டு, சாஸ்லாவ்ஸ்காவின் செயலை ‘விளையாட்டில் அரசியல்’ என்றோ, எதிரிக்கு உதவிய செயல் என்றோ ஒதுக்குவோமாயின், நாமும் பிரண்டேஜின் அளவுகோலையே கையில் எடுத்தவராவோம். பாசிசத்தை வீழ்த்தியவர்கள் பாடிய கீதம் என்பது உண்மையே. ஆனால் ஒரு நாட்டு மக்களின் தெருவிலே தாங்கிகள் நிற்கும்போது அக்கீதம் அம்மக்களின் காதில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை, யப்பானிய கீதம் கேட்டு நின்ற கொரியனிடம் கேட்டறியலாம். தலைகுனிந்தவரின் பக்கம் நிற்பது நம் கொள்கையானால், கீதம் யாருடையது என்று பார்த்து அக்கொள்கை மாறலாகாது.

சாஸ்லாவ்ஸ்கா 2016 ஓகஸ்ட் 30ஆம் நாள் காலமானார். அதற்கு இரண்டு நாட்களின் பின்னர், செப்டெம்பர் முதலாம் நாள், அமெரிக்காவில் கொலின் கேப்பர்னிக் என்ற கறுப்பின உதைபந்தாட்ட வீரர் தேசிய கீதத்தின்போது முழந்தாளிட்டார். பொலிசாரின் கையிற் கறுப்பர்கள் கொல்லப்படுவதைக் கண்டிக்கவே அவ்வாறு செய்தார். முதலில் உட்கார்ந்திருந்த அவர், முன்னாள் இராணுவ வீரர் ஒருவரின் ஆலோசனைப்படி, மரியாதைக்குரிய வடிவமாக முழந்தாளிடுதலைத் தேர்ந்தார். அவ்வாறிருந்தும் விளையாட்டில் அரசியலைப் புகுத்தியவர் எனப்பட்டார். ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே அமெரிக்க மேற்சபை உறுப்பினர் இருவர் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தனர். மைதானங்களில் தேசபக்திக் காட்சிகளை நடத்துவதற்காகப் பாதுகாப்பு அமைச்சு விளையாட்டுக் கழகங்களுக்கு 68 இலட்சம் டொலர் வரை செலுத்தியமை அதிலே அம்பலமாயிற்று. கூலிக்கு நடத்திய தேசபக்தி அரசியலன்று. கூலியை இழந்து முழந்தாளிட்டது அரசியல்! 2016ஆம் ஆண்டுப் பருவத்தின் பின்னர் எந்தக் கழகமும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2020இல் ஜோர்ஜ் புளொயிட் பொலிசாரின் முழந்தாளின் கீழ் உயிரிழந்த பின்னர், வீரர்களின் குரலை முன்னரே கேளாதது தவறு என்று சங்கத் தலைவர் ஒப்புக்கொண்டார். கேப்பர்னிக்கின் பெயரை அப்போதும் அவர் சொல்லவில்லை.

சோன் கீ சுங் 1988இல், தம் எழுபத்தாறாவது வயதில், சியோல் ஒலிம்பிக் அரங்கினுள் தீபத்தை ஏந்தி ஓடினார். இம்முறை அவர் தம் நாட்டிலே, தம் பெயரிலே ஓடினார். ஆனால் பேர்லினில் அவர் வென்ற பொற்பதக்கம் ஒலிம்பிக் பட்டியலில் யப்பானின் கணக்கிலேயே நிற்கிறது. இவ்வீரர்களுக்குக் கிடைத்த கௌரவம் யாவும் காலந்தாழ்த்தியே கிடைத்தது. சிமித்துக்கும் கார்லோசுக்கும் அவர்கள் கற்ற பல்கலைக்கழகம் 2005இல் சிலை எழுப்பியது. அச்சிலையில் நோர்மனின் இடம் அவர் விருப்பப்படியே வெறுமையாக விடப்பட்டுள்ளது. பார்க்க வருபவர் எவரும் அப்படியில் ஏறி, அவ்விருவரோடு நிற்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

சிலைகளுக்கு மாலையிடுவது சுலபம். தலைகுனிந்து நிற்கும் வீரரை அன்றே விளங்கிக்கொள்வது கடினம். நம் மாணவருக்கு உலக வரலாறு கற்பிக்கும் நாம், வென்றவர் பெயரையும் ஓடிய நேரத்தையும் சொல்லுவதோடு அமையாது, கீதம் ஒலித்த அந்த ஓரிரு நிமிடங்களில் அவர்கள் ஏன் அவ்வாறு நின்றார்கள் என்பதையும் சொல்லுவோமாக. அந்தப் படி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.